இசை விழாப் பட்டியலில் பாடற்குழுக்களுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் உங்கள் நாளிதழில் நான் முதலில் தேடுவது 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியைத்தான். எந்த சபாவில் யார் பாட்டு, பக்கவாத்தியம் யார், எத்தனை மணிக்கு, டிக்கெட் உண்டா இல்லையா என்று பொடி எழுத்தில் நெருக்கிப் போட்டிருப்பீர்கள். அது போக இசை விழாச் சிறப்புப் பக்கம், விமர்சனம், சபா கேன்டீனில் என்ன டிபன் என்பது வரைக்கும் வரும். அத்தனையையும் விரும்பிப் படிக்கிறவன் நான். அதில் ஒரு வரியைக்கூடக் குறைக்கச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அதே மாதத்தில், அதே சென்னையில், எழும்பூர், வேப்பேரி, சாந்தோம், கீழ்ப்பாக்கம் பக்கமெல்லாம் பாடற்குழுக்கள் பாடுகின்றன. நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து நின்று நாலு குரலில் பாடுகிறார்கள்: பெண்களில் மேல்குரல் சொப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ, ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். பல நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. அவற்றில் ஒன்றுகூட அந்தப் பொடி எழுத்துப் பட்டியலில் என் கண்ணில் பட்டதில்லை. வரும் டிசம்பரில் அவற்றையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எனக்கு அரக்கோணம். மின்சார லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. ஆலயப் பாடற்குழுவில் பேஸ் பாடுகிறேன். மனைவி ஆல்ட்டோ. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு டானிக் சோல்ஃபா, அதாவது ஸ்வரங்களை டோ, ரே, மி என்று எழுத்தில் எழுதிப் பாடும் முறையைச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் என்னுடையதுதான். இந்த வட்டாரத்தில் இது பழைய பழக்கம். அமெரிக்கன் ஆற்காடு மிஷன் 1853-ல் வந்தது. அதற்கப்புறம் ராணிப்பேட்டை, வேலூர், அரக்கோணம் என்று ஆலயம் எழுந்த ஊரிலெல்லாம் ஒரு பாடற்குழுவும் சேர்ந்தே வளர்ந்தது. ஞாயிறு ஆராதனைக்கு, பண்டிகைக்கு, கல்யாணத்துக்கு, துக்கத்துக்கு என்று வருஷம் முழுக்கப் பாடுகிறோம். ஆனால் பெரிய குழு ஒன்று பெரிய உருப்படியை எடுத்துப் பாடுவதை நேரில் கேட்க எங்களுக்கு வாய்ப்பு அபூர்வம். அதற்கு சென்னைக்குத்தான் போக வேண்டும். எப்போது, எங்கே என்று தெரிந்தால்தானே போக முடியும்?

கடந்த டிசம்பரில் தெரிந்தது, அதுவும் தற்செயலாக. எங்கள் குழுவில் சொப்ரானோ பாடும் பெண் ஒருத்தி சென்னையில் நர்சிங் படிக்கிறாள். ஹாஸ்டல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் ஆலயத்தில் சனிக்கிழமை மாலை கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சி, அனுமதி இலவசம். நோட்டீஸ் முழுவதும் ஆங்கிலம். எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று இருந்தது, எத்தனை மணிக்கு முடியும் என்று இல்லை. சரி, போய்ப் பார்ப்போம் என்று குழுவில் வர முடிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். குழுவுக்குப் புது அங்கி தைக்கத் துணி எடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு மியூசியத்தைக் காட்ட வேண்டும் என்று ஆயர் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்துக்கொண்டோம். லோகோ ஷெட்டில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரும் கூட வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர் ஆலயத்துக்கு வருகிறவர் இல்லை. கர்நாடக சங்கீதப் பிரியர். மார்கழி வந்தால் உங்கள் பட்டியலைக் கத்தரித்து, மத்தியானம் இலவசமாக நடக்கும் கச்சேரிகளைச் சிவப்புப் பால்பாயிண்ட் பேனாவால் வட்டமிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். காலை மின்சார ரயிலில் போய், இளம் வித்வான்கள் ரெண்டு மூன்று பேரைக் கேட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார். சங்கீதம் கற்றவர் இல்லை, சபா உறுப்பினரும் இல்லை. அவரை அந்தக் கச்சேரிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது உங்கள் பத்திரிகையின் நாலு வரிதான்.

காலையில் ஆளில்லாத பெட்டியாகப் பார்த்து ஏறினோம். ஆவடி வரைக்கும் பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தார்கள், அதற்கப்புறம் நிற்கவே இடமில்லாத கூட்டம். சென்ட்ரலில் இறங்கி நேராக கோடவுன் தெரு. துணிக்கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் அந்தச் சந்தில் சனிக்கிழமை நடப்பதே பெரும்பாடு. மூட்டை சுமக்கிறவர்கள் 'சைடு, சைடு' என்று குரல் கொடுத்தபடி இடித்துக்கொண்டு போவார்கள். சில கடைகளில் முழுத் தானாக, அதாவது முழுச் சுருளாகத்தான் தருவோம், மீட்டர் கணக்கில் வெட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கடையில் ஒப்புக்கொண்டார்கள். அங்கே என் மனைவி துணியைப் பிரித்து வாசலுக்குக் கொண்டுபோனாள். "தம்பி, டியூப் லைட்டில் எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும், வெயிலில் வைத்துப் பார்க்கிறேன்" என்றாள். முன்பு ஒரு தடவை இரண்டு கடைகளில் எடுத்த துணியில் ஒன்று நீலம் பாய்ந்த வெள்ளையாகவும் இன்னொன்று பாலேடு நிறமாகவும் போய், குழுவே இரண்டாகப் பிரிந்து நிற்பது போலத் தெரிந்தது. இந்தத் தடவை எல்லா அங்கிக்கும் ஒரே தானிலிருந்து வெட்டி வாங்கினோம்.

சாப்பிட்டுவிட்டு எழும்பூர் அருங்காட்சியகம். வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்குப் பிள்ளைகளை நேராகக் கூட்டிப்போனது என் நண்பர்தான். அங்கே இருக்கும் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் போய் நின்றார். திருவாலங்காடு எங்களுக்கு மூணாவது ஸ்டேஷன். புளியமங்கலம், மோசூர், அடுத்தது அதுதான். கல்லூரிக்குத் தினமும் அந்த வழியாகப் போய்வரும் பையன்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய சிலை எழும்பூரில் இருப்பதோ, அதன் படங்களைப் பார்த்தே பிரான்ஸ் நாட்டுச் சிற்பி ரோடான் அதைப் பற்றி எழுதியிருப்பதோ ஒருவருக்கும் தெரியவில்லை. நண்பர் அவர்களுக்குக் காரைக்கால் அம்மையார் கதையைச் சொன்னார். தலையால் நடந்து ஆலங்காட்டுக்கு வந்து, அங்கே ஆடினவனைப் பார்த்துப் பதிகம் பாடிய அம்மையார். எங்கள் டெனர் பையன் ஒருவன் அந்தத் தூக்கிய காலையே பார்த்துக்கொண்டு, "இது எப்படிங்க விழாமல் நிற்குது?" என்று கேட்டான். நண்பர் உட்கார்ந்து அவனுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் நேரமாகிறது என்று கிளப்பிக் கொண்டுவந்தேன்.

காந்தி இர்வின் பாலத்தைத் தாண்டி, எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது கிர்க். ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டி 1821-ல் திறந்த கட்டடம். கூவத்துப் பக்கத்துச் சேற்று நிலம் என்பதால் கிணறு கிணறாக இறக்கி அதன் மேல் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கோபுரம்தான் தெரியும். உள்ளே போனால் வட்டமான கூடம், சுற்றிப் பதினாறு தூண், தலைக்கு மேலே நீல நிறக் குவிமாடம், அதில் பொன் நிறத்தில் நட்சத்திரங்கள். பைப் ஆர்கன் இருக்கிறது. எங்கள் ஊரில் கீபோர்டில் 'பைப் ஆர்கன்' என்ற பொத்தானை அமுக்கிக் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு நிஜமான ஒன்றைக் காட்டியதே எனக்குப் பெரிய சந்தோஷம். கட்டைக் குரல் குழாய் ஒலிக்கும்போது காதுக்கு முன்னால் பெஞ்சுக்குத் தெரிகிறது. கை வைத்திருந்த மரம் அதிர்ந்தது.

பாடியவர்கள் சம்பளத்துக்குப் பாடுகிறவர்கள் இல்லை. பாங்கில், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் ஒத்திகைக்கு வருகிறவர்கள். முதல் பாதியில், ஹாண்டெல் என்ற இசையமைப்பாளர் வேத வசனங்களுக்கு இசையமைத்த 'மெசையா' என்ற பெரிய உருப்படியிலிருந்து கிறிஸ்து பிறப்புப் பகுதி. நடத்துநர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் வேத வசனத்தைத் தமிழிலும் வாசித்தார். அதனால் என் நண்பருக்கும் சொற்கள் கைக்குள் இருந்தன.

'நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்' என்ற ஏசாயா வசனத்துக்கு அமைந்த கோரஸைப் பற்றி மட்டுமாவது எழுதாமல் இருக்க முடியவில்லை. சொப்ரானோ தனியாகத் தொடங்குகிறது, லேசாக, கிட்டத்தட்டப் பேசுவது போல. டெனர் அதையே எடுத்துக்கொள்கிறது. அதற்குள் சொப்ரானோ 'பிறந்தார்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் ஆல்ட்டோ, அப்புறம் பேஸ். நாலு குரலும் முறை போட்டு அந்த ஓட்டத்தை வாங்கிக்கொள்கின்றன. எங்கள் ஆலயத்தில் பேஸ் என்றால் மெட்டுக்கு அடியில் தூண் மாதிரி நின்றுகொண்டிருப்பதுதான் வேலை. அங்கே பேஸ்காரர்கள், என் வயதுக்காரர்கள் ரெண்டு பேர் உட்பட, சொப்ரானோ போட்ட அதே சங்கதியைக் கீழ்ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் பிசகாமல் போட்டார்கள். மூச்சை எங்கே எடுக்கிறார்கள் என்று கவனித்தேன். ஒருவர் எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எடுக்கவில்லை. அதனால்தான் குரல் எங்கேயும் அறுபடவில்லை. இத்தனை நேரம் தனித்தனியாக ஓடியவர்கள் 'அதிசயமானவர், ஆலோசனைக்கர்த்தா' என்ற இடத்தில் நாலு குரலும் ஒன்றாகச் சேர்ந்து முழு பலத்தோடு விழுகிறார்கள். அந்தச் சத்தம் குவிமாடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை அண்ணாந்து பார்த்தது.

தொடங்கும்போது என் நண்பர் காதோரம், "யாருப்பா இதில் மெயின்?" என்று கேட்டிருந்தார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தவர், இந்தக் கோரஸ் வந்ததும் கையை நிறுத்திவிட்டார். முடிந்ததும், "மெயின் ஒருத்தருமே இல்லை, நாலுமே மெயின்" என்று அவரே சொன்னார். இதைவிட நன்றாக நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. "இத்தனை வருஷமா மார்கழிக்கு வந்து போறேன். பேப்பரை வரி விடாமல் படிக்கிறேன். இப்படி ஒண்ணு நடக்குதுன்னு எனக்கு யாருமே சொல்லலையே."

இரண்டாம் பாதியில் தமிழ். கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றை நாலு பார்ட்டில், அதாவது நாலு குரலுக்கும் தனித்தனியாகப் பிரித்து அமைத்துப் பாடினார்கள். ராகத்தில் அமைந்த மெட்டுக்கு பார்ட் போடுவது லேசான வேலை இல்லை. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் வரும் இடத்தில் நாலு குரலும் அசைந்தால் எல்லாம் குழம்பிப் போகும். ஒரேயடியாக அசைவை எடுத்துவிட்டாலோ ராகம் செத்துப்போகும். எத்தனையோ கீர்த்தனைகளை இப்படி விறைப்பாக்கிப் பாடிக் கேட்டு நான் வருத்தப்பட்டிருக்கிறேன். அன்று மெட்டை சொப்ரானோவுக்கு மட்டும் விட்டுவிட்டார்கள். பேஸும் டெனரும் சுருதியைப் பிடித்து நின்றார்கள். ஆல்ட்டோ அங்கங்கே மட்டும் கை கொடுத்தது. சரணம் முடிந்து பல்லவி திரும்பும்போதுதான் நாலும் விரிந்தது. இந்த இடத்தில் என் நண்பரின் கை மறுபடியும் தொடைக்கு வந்துவிட்டது.

இதெல்லாம் அயல்நாட்டுச் சமாச்சாரம், நம் வாசகர்களுக்கு எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நினைக்கக்கூடும். அப்படி இல்லை என்று மரியாதையோடு சொல்ல விரும்புகிறேன். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-ல். ஜெர்மன் மெட்டுகளில் தமிழில் ஞானப்பாட்டு பாடும் வழக்கம் அங்கிருந்து வருகிறது. வேதநாயக சாஸ்திரியார் பிறந்தது 1774-ல், முத்துசுவாமி தீட்சிதர் பிறந்தது 1775-ல். சாஸ்திரியார் கிறிஸ்தவப் பாடலைத் தமிழ் ராகத்தில் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், தீட்சிதர் கோட்டை பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த வெள்ளைக்காரர் மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் நோட்டுஸ்வர சாகித்தியம் செய்தார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்றுக்கொண்டு அதைக் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். இன்று உங்கள் பட்டியலில் வயலின் பெயர் இல்லாத கச்சேரி எத்தனை இருக்கும்?

சென்னையின் பாடற்குழுக்களும் நேற்று முளைத்தவை அல்ல. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் தொடங்கியது 1893-ல். மியூசிக் அகாடமி 1928-ல். எங்கள் இளவயதில் ஹாண்டெல் மானுவல் என்றால் இந்த வட்டாரப் பாடற்குழுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். சென்னை வானொலியில் மேற்கத்திய இசையைக் கவனித்துக்கொண்டவர், அந்த அசோசியேஷன் பாடற்குழுவையும் நடத்தியவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு ரேடியோவில் நான் முதன்முதலாக நாலு பார்ட் கேட்டது அவர் நிகழ்ச்சிகளில்தான். 2017-ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரம் என்று அறிவித்தபோது நீங்களும் செய்தி போட்டீர்கள். அந்த நகரத்தின் இசையில் இதுவும் சேர்த்தி.

பத்திரிகையில் ஒரு வரி வருவதால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு அந்த 'மெசையா'வின் முதல் அரங்கேற்றமே பதில். 1741-ல் இருபத்துநாலு நாளில் ஹாண்டெல் எழுதி முடித்தார். அரங்கேறியது 1742 ஏப்ரல் 13, டப்ளின் நகரத்தில். கடனுக்காகச் சிறையில் இருந்தவர்களை மீட்கவும் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்காகவும் நிதி திரட்டிய நிகழ்ச்சி அது. 600 பேர் கொள்ளும் அரங்கம். கூட்டம் அதிகம் வரும் என்பதால், பெண்கள் வளையம் வைத்த அகலப் பாவாடை அணியாமலும் ஆண்கள் இடுப்பில் வாள் இல்லாமலும் வரவேண்டும் என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அதனால் 700 பேர் உள்ளே உட்கார முடிந்தது. 142 பேர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். அந்த ஊர்ப் பத்திரிகைகள் முன்னறிவிப்பும் போட்டன, கேட்டுவிட்டு வந்து புகழ்ந்தும் எழுதின. நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த முன்னறிவிப்பைத்தான் கேட்கிறேன்.

எழும்பூரில் அன்று கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைசி பெஞ்சில், எனக்குப் பக்கத்தில், பெரிய பையும் கட்டைப் பையுமாக ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்துக்காரர். மகன் வீட்டுக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிறார், ராத்திரி ரயில். சீக்கிரமே ஸ்டேஷனுக்கு வந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பின்வாசல் பக்கம் டீ குடிக்க வந்தபோது ஆலயத்தில் வெளிச்சத்தைப் பார்த்து எட்டிப் பார்த்திருக்கிறார். ஊரில் அவரும் சொப்ரானோ. புத்தகம் இல்லாமலே உதடு அசைந்துகொண்டிருந்தது. எல்லாரும் எழுந்து நிற்கும் 'அல்லேலூயா' கோரஸுக்கு முன்னாலேயே அவருக்கு ரயில் நேரம் வந்துவிட்டது. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நாளைக்கு டிக்கெட் போட்டிருப்பேன்ணே" என்று சொல்லிவிட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு போனார். எங்கள் டெனர் பையன் அவர் பையை வாங்கிக்கொண்டு பிளாட்பாரம் வரைக்கும் விட்டுவிட்டு ஓடி வந்தான்.

தெற்கே போகிற ராத்திரி வண்டிகளுக்காக எழும்பூரில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்தவர்கள் எத்தனை பேர்! அந்த ஊர்களில் பாடற்குழு இல்லாத ஆலயத்தைப் பார்ப்பது அரிது. நடந்து போகும் தூரத்தில் இலவசமாக இப்படி ஒரு நிகழ்ச்சி நடக்கிறது என்று காலைப் பேப்பரில் பார்த்தால் வரமாட்டார்களா? கிறிஸ்தவர்கள்தான் வருவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். என் நண்பர் வந்தாரே.

தவறு முழுவதும் பத்திரிகைகளுடையது என்று நான் சொல்லமாட்டேன். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் ஆங்கிலத்தில் மட்டும் நோட்டீஸ் அடித்து, தங்கள் ஆலயப் பலகையிலும் தெரிந்தவர்களின் போனிலும் நிறுத்திக்கொள்கிறார்கள். தமிழ்ப் பத்திரிகைக்கு ஒரு தபால் அட்டைகூடப் போடுவதில்லை என்றே நினைக்கிறேன். அவர்களிடமும் இந்தக் கடிதத்தின் மூலம் கேட்கிறேன். தமிழில் எழுதி அனுப்புங்கள். எத்தனை மணிக்கு முடியும் என்று கட்டாயம் போடுங்கள். வெளியூர்க்காரனுக்குத் தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரம்தான் முக்கியம். எங்களோடு வந்தவர்களில் கைக்குழந்தைக்காரர்கள் சிலர், எப்போது முடியும் என்று தெரியாமல், தமிழ்க் கீர்த்தனை தொடங்குவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். நிகழ்ச்சியோ அதற்கப்புறம் அரை மணி நேரத்தில் முடிந்தது. தெரிந்திருந்தால் இருந்து கேட்டுவிட்டு அதே ரயிலில் எங்களோடு வந்திருக்கலாம். முடிந்தவரை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்தால் திருவள்ளூர், அரக்கோணம், செங்கல்பட்டு, மதுராந்தகம் வரைக்கும் உள்ளவர்கள் நிம்மதியாக வந்து போவார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. சீசனில் ஒரு நிகழ்ச்சிக்காவது ஒரு விமர்சகரை அனுப்புங்கள். நன்றாக இருந்தது, மனதைத் தொட்டது என்று எழுதினால் போதாது. எந்தக் குரல் தூக்கலாக இருந்தது, உச்சரிப்பு எப்படி, கீர்த்தனைக்கு பார்ட் போட்டவர் ராகத்தைக் காப்பாற்றினாரா என்று, ஒரு கச்சேரியை அலசுவது போலவே அலசட்டும். குறை இருந்தால் குறையையும் எழுதட்டும். ஊர்ப்புறத்துக் குழுக்களில் இருக்கும் நாங்கள் அதைப் படித்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். எங்கள் பிள்ளைகளுக்கு வாரா வாரம் பாடம் சொல்லச் சென்னையிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

திரும்பும் ரயிலில் எங்கள் பையன்கள் அந்த 'பிறந்தார்' ஓட்டத்தை சோல்ஃபாவில் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். இப்போது ஞாயிறு சாயங்காலம் அதை ஒத்திகை பார்க்கிறோம். பேஸ் இன்னும் தடுமாறுகிறது, நானும் சேர்த்துத்தான். டிசம்பருக்குள் பிடித்துவிடுவோம்.

நிகழ்ச்சி விவரங்களை எந்த முகவரிக்கு, எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று நவம்பரில் ஒரு சிறு அறிவிப்பு போடுங்கள். எங்கள் வட்டாரத்துக் குழுக்களின் விவரங்களைத் திரட்டித் தமிழில் எழுதி அனுப்பும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் ஆலயத்தின் கேரல் ஆராதனை டிசம்பர் மூன்றாம் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு. அனுமதி இலவசம். எட்டு மணிக்குள் முடிந்துவிடும். அரக்கோணம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வரலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
அரக்கோணம்.